வில்கமுவவுக்குக் காலால்

நடைபவனி என்றால் நடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

சிரிக்காதீர்கள். ஐம்பதைத் தாண்டியவன், நாலு எழுத்துப் படித்தவன், மாத்தளை டவுனில் பாதிப் பேருக்கு வாகனம் ஓட்டப் பழக்கியவன் சொல்கிறேன். இதுவரை நான் கலந்துகொண்ட ஊர்வலங்களின் முறை வேறு. பஸ்ஸில் போவோம். ஊர் தொடங்கும் இடத்தில் இறங்குவோம். பெனரை விரித்துப் பிடித்துக்கொண்டு, கடைவீதி முழுக்க முகத்தைப் பொறுப்பாக வைத்துக்கொண்டு நடப்போம். யாராவது போட்டோ எடுப்பார்கள். ஊர் முடியும் இடத்தில் பெனரைச் சுருட்டினால் அதே பஸ் அங்கே நிற்கும். சோற்றுப் பார்சலைக் கையில் தருவார்கள். அடுத்த ஊர். இளவட்டத்தில் ஒரு தேர்தலுக்கு மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரைக்கும் இப்படித்தான் 'நடந்தேன்'. தலைமுடி கூடக் கலையவில்லை.

ஆகவே, மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டன் மலையைத் தாண்டி வில்கமுவ வரைக்கும் நான்கு நாள் நடைபவனி என்று ஒரு சங்கத்தார் சொன்னபோது, என் மனதில் ஓடியது நான்கு சோற்றுப் பார்சல்கள்தான். உடனே பெயர் கொடுத்துவிட்டேன்.

காரணம் இல்லாமலும் கொடுக்கவில்லை. அப்போது வில்கமுவவிலிருந்து ஒரு சிங்கள விவசாயி என்னிடம் கார் ஓட்டப் பழக வந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ட்ரெக்டர் ஓட்டுவதில் கெட்டிக்காரர், ஆனால் காரில் உட்கார்ந்தால் ஸ்டியரிங்கை எருமையின் கொம்பைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார். எதற்கு இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம், கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், பஸ்ஸை நம்ப முடியாது என்றார். அவர் தெருவில் இன்னும் பல வீடுகளில் அதே வருத்தம். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க எல்லோருக்கும் பயம். சங்கத்தார் நடந்து பணம் சேர்த்து ஒரு பெரிய தண்ணீர் வடிகட்டி இயந்திரம் வாங்கிக் கொடுக்கப் போகிறார்கள். ஆனால் அதை வைக்க ஒரு கட்டடம் வேண்டும். கட்டடத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

"கட்டடம்தானே? அத நான் பாத்துக்கிறேன்" என்றேன் அவரிடம். வாய்க்கு மட்டும் என்னிடம் பிரேக் இல்லை.

நேரே ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். அவருடைய மூன்று மகள்மாருக்கும் வாகனம் ஓட்டப் பழக்கியவன் நான். அந்த உரிமையில் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நான் வில்கமுவ வரைக்கும் நடக்கப் போவதாக அறிவித்தேன்.

ஹாஜியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

"காலாலயா?"

"பின்ன, கையாலயா ஹாஜியார்?"

"மாஸ்டர், நீங்க முன்னுக்கு இருக்கிற கடைக்குப் போறதுக்கே த்ரீவீல் புடிக்கிற ஆளு."

"பந்தயம் கட்டுறீங்களா?"

"பந்தயம் ஹராம்" என்றார். கடையில் நின்ற நாலைந்து பேரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் நிய்யத் வைக்கிறேன். நீங்க இங்கேந்து வில்கமுவ வரைக்கும் காலால நடந்து போய்ச் சேந்தா, அந்தக் கட்டடத்துக்கு வேண்டிய சீமெந்தும் கூரைத் தகடும் ஒரு லொறி என்ட கணக்குல போகும். நடுவுல ஒரு எடத்துல வண்டில ஏறினாலும் நிய்யத் இல்ல. சரியா?"

"சரி" என்றேன். நிய்யத் என்றால் மனதில் உறுதியாக வைக்கும் எண்ணம், அவர்களுக்கு அது இறைவனிடம் சொன்ன வார்த்தை மாதிரி என்று எனக்குத் தெரியும். இருந்தும் எனக்கு ஒரு கவலையும் வரவில்லை. ஊருக்கு ஊர் பஸ் ஏறுவதை நடைபவனிக்குள் சேர்த்துத்தானே நான் கணக்குப் போட்டிருந்தேன்.

அந்தக் கணக்கு உடைந்தது, சங்கத்தார் கூட்டிய முதல் கூட்டத்தில். எந்த இடத்தில் தங்குவது, அட்டை கடிக்காமல் காலுக்கு எந்தச் சவர்க்காரம் பூசுவது என்றெல்லாம் விளக்கிவிட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"பஸ் நம்மள எந்த எடத்துல ஏத்தும்?"

மண்டபத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில், தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை மிஸி என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அவர் என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, அந்த பஸ் பேக் ஏத்துறதுக்கு. நம்மள ஏத்துனா, அது நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தவன் நான் இல்லை, என் பயம். என் வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தாள்.

"வேணாங்க. ஹாஜியார்கிட்ட போயி முடியாதுன்னு சொல்லிருங்க. அவங்க ஒன்னும் நெனைக்க மாட்டாங்க."

போனேன். கடைக்குள் நுழைந்ததும் ஹாஜியார், யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் "இவர்தான் அந்த மாஸ்டர், வில்கமுவைக்கு நடக்கப் போறவர்" என்றார். நான் ஒரு பெட்டி ஆணி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். மறுபடி போனேன். கதவுப் பிணைச்சல் ஒரு சோடி. மறுபடியும் போனேன். குழாய்க்கு வாஷர். எங்கள் வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகவில்லை.

அதற்கிடையில் வில்கமுவ மாணவர் அடுத்த பாடத்துக்கு வந்து, காரில் ஏறுவதற்கு முன்பே போனை நீட்டினார். படத்தில் செம்மண்ணைத் தோண்டிய கிடங்கு ஒன்று. சுற்றிலும் மண்வெட்டியோடு ஆண்களும் பெண்களும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"அத்திவாரம் வெட்டிட்டோம் சேர்" என்றார் சிங்களத்தில். "நீங்க சீமெந்துக்குப் பொறுப்பெடுத்திருக்கீங்கன்னு சொன்னதும் எல்லாரும் வந்துட்டாங்க."

அந்தக் கிடங்கைப் பார்த்தேன். என் அளவுக்குச் சரியாக இருக்கும் போலிருந்தது.

அன்றிலிருந்து பயிற்சி. எனக்கு வேறு நேரம் கிடையாது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை இடது பக்கத்து சீற்றில் உட்கார்ந்து, பழகுபவர் தடுமாறும்போது என் பக்கத்திலிருக்கும் பிரேக்கை மிதிப்பதுதான் என் தொழில். இத்தனை வருடத்தில் என் வலது கால் மட்டும்தான் உழைத்திருக்கிறது. இடது கால் சும்மா சம்பளம் வாங்கியது. ஆகவே, பழகும் மைதானத்தில், மாணவரை முதலாவது கியரில் போகச் சொல்லிவிட்டு நான் ஜன்னலோரமாகக் கூடவே நடக்கத் தொடங்கினேன். "கிளச்... மெதுவா... விடுங்க... விடாதீங்க!" என்று கத்திக்கொண்டே நடந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. கார் நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் நான் முந்தினேன். மைதானத்து மதிலில் உட்கார்ந்திருந்த இளசுகள் கைதட்டினார்கள்.

இரவில் படுத்தால் பயங்கள் வரிசையில் வந்து நின்றன. இருதயம் நின்றுவிட்டால்? நிற்காமல் முழங்கால் மட்டும் நின்றுவிட்டால்? அட்டை? பாடசாலை மண்டபத்தில் நாற்பது பேருக்கு நடுவில் என் குறட்டை? எல்லாவற்றுக்கும் மேல், வெளியே சொல்ல வெட்கப்படும் பயம் ஒன்று: என் வயதுக்காரனுக்கு அடிக்கடி 'ஒதுங்க' வேண்டும். நான்கு நாள் ரோட்டில் எங்கே போய் ஒதுங்குவது? நடப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். நான் ரிவர்ஸ்டன் பாதையை மனதில் ஓட்டிப் பார்த்து, பெரிய மரங்களை நினைவுபடுத்திக்கொண்டு தூங்கினேன்.

நடை தொடங்கிய காலையில் ஹாஜியார் கடைவாசலில் நின்று கையாட்டினார். என் வீட்டுக்காரி என் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டையைச் செருகினாள். "நெஞ்சு வலிச்சா போடுங்க" என்றாள். அதுவரைக்கும் நெஞ்சு வலிக்கவில்லை. அதைச் சொன்ன நொடியிலிருந்து வலித்தது.

முதல் நாள் ரத்தோட்ட வரைக்கும் நான் எதிர்பார்த்த கஷ்டம் எதுவும் வரவில்லை. வந்தது வேறொன்று. நல்ல காரியத்துக்கு நடப்பவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் எங்கள் பக்கத்துச் சனம் சும்மா இருக்காது. வாசல் படலைக்குப் படலை மேசை போட்டு நின்றார்கள். ஒரு வீட்டில் இலைக்கஞ்சி. அடுத்த வீட்டில் கருப்பட்டித் துண்டோடு வெறுந்தேநீர். கோயில் வாசலில் பானகம். பள்ளிவாசல் முன்னால் ஐஸ் போட்ட சர்பத். விகாரையின் முன்னால் மறுபடியும் கஞ்சி. இப்படிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் கொடுத்தவர்களுக்குப் புண்ணியம் கிடைக்காமல் போய்விடும். அப்படியொரு பாவத்தை நான் செய்ய மாட்டேன். ஒரு கோப்பையைக்கூட மறுக்கவில்லை.

மற்றவர்கள் விவரமானவர்கள். வாயை நனைத்துவிட்டுக் கும்பிட்டுக் கடந்தார்கள். மிஸி மட்டும் என்னைக் கவனித்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, நீங்க நடக்க வந்தீங்களா, குடிக்க வந்தீங்களா?"

"மனசு நோகுமே மிஸி."

"நோகப் போறது மனசு இல்ல."

மறுநாள் ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் அது நடந்தது. ரோடு வளைந்து வளைந்து ஏறுகிறது. காற்று ஆளைத் தள்ளுகிறது. பனிமூட்டத்தில் முன்னால் போகிறவரின் முதுகு தெரியவில்லை. திடீரென்று நெஞ்சின் நடுவில் ஒரு பிடிப்பு. இடது தோளுக்கும் பரவுவதுபோல இருந்தது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். செத்துப் போவதைவிடப் பெரிய கவலை, பேக் ஏற்றும் பஸ் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதில் என்னை ஏற்றிவிட்டால் அங்கே செம்மண் கிடங்கு அப்படியே கிடக்கும்.

மிஸி வந்து பக்கத்தில் உட்கார்ந்து நாடி பிடித்தார். நெற்றியைத் தொட்டார். எங்கே வலி என்று கேட்டார். காட்டினேன்.

"மிஸி, ஒரு உதவி. நான் செத்துப்போனா பஸ்ல ஏத்தாதீங்க. நாலு பேரு தூக்கிக்கிட்டு நடந்து போங்க. காலாலன்னுதான் ஹாஜியார் சொன்னாரு. யாரோட காலுன்னு சொல்லல."

மிஸி என் முதுகில் கையை வைத்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தட்டியதுபோல, நாலு தட்டுத் தட்டினார். என் உள்ளேயிருந்து ஒரு ஏப்பம் கிளம்பியது. பனிமூட்டத்துக்குள் முன்னால் போனவர்கள் நின்று, "என்ன சத்தம்?" என்று கேட்கும் அளவுக்குப் பெரியது.

"காஸு, வெறும் வாயு" என்றார் மிஸி எழுந்துகொண்டே. "ரத்தோட்டக் கஞ்சி. எந்திரிங்க."

எழுந்தேன். மிச்ச ஏற்றம் முழுக்க அவர் பக்கத்திலேயே நடந்தேன். அட்டைகள் என் சவர்க்காரத்தைப் பொருட்படுத்தவில்லை. மரங்களைப் பற்றிய என் கணக்கும் வீண்தான். பனிமூட்டத்தில் ஒதுங்குவதற்கு மரமே தேவைப்படவில்லை.

இறக்கத்தில் கால்விரல் நகங்கள் கறுத்தன. மூன்றாம் நாள் நொண்டினேன். ஆனால் பல்லேகமவைத் தாண்டி, வயல்கள் விரிந்து, ரோடு தட்டையானபோது, எனக்குள் ஒரு திமிர் வந்துவிட்டதை ஒத்துக்கொள்ள வேண்டும். நாலாம் நாள் காலையில் வரிசையின் நடுவில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். பேக் பஸ் சுற்றுப் பாதையால் முன்னாலேயே போய்விட்டது. முந்தின இரவில் மலைப்பக்கம் நல்ல மழை பெய்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் ஒரு சப்பாத்துப் பாலத்துக்கு வந்தோம். ஓடைக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டிய கொங்கிரீட் பாதை அது. மழை பெய்தால் தண்ணீர் அதன் மேலாகவே போகும். அன்றைக்குப் பாதையே தெரியவில்லை. செம்பழுப்பாக, முழங்காலுக்கு மேல், வேகமாக ஓடியது தண்ணீர். அக்கரையில் ஊர்க்காரர்கள் கையை விரித்து நடக்க வேண்டாம் என்று கத்தினார்கள். அவர்களுக்கு நடுவில் பெரிய ட்ரெக்டர் ஒன்று ட்ரெயிலரோடு நின்றது. அதை ஓட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி எங்கள் பக்கம் வந்தவர் என் மாணவர்தான்.

"வாங்க சேர், ஏறுங்க" என்றார், சந்தோஷமாக.

எல்லோரும் ஏறினார்கள். நான் ஏறவில்லை.

"தம்பி, ஏறுங்க" என்றார் மிஸி மேலேயிருந்து.

"வண்டில ஏறினா நிய்யத் இல்லன்னு சொன்னாரே மிஸி."

அந்த ட்ரெயிலரில் ஒரு முஸ்லிம்கூட இல்லை. பௌத்தர்கள், கத்தோலிக்கர்கள், எங்களைப்போலக் கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் ஒரு ஹாஜியாரின் நிய்யத் எந்த இடத்தில் முறியும் என்று அங்கே பெரிய விவாதம் நடந்தது. ட்ரெக்டர் வாகனத்தில் சேராது, அது விவசாய உபகரணம் என்றார் ஒருவர். பாலத்தின் மேலே போவது தண்ணீர், ஆகவே இது தோணி என்றார் இன்னொருவர். யாருக்கும் தெரியப் போவதில்லை, பேசாமல் ஏறு என்றார் மூன்றாமவர். ஹாஜியாரையே கேட்கலாம் என்றால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"ட்ரெயிலருக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே வாங்களேன்" என்றார் மிஸி. எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் ட்ரெயிலரின் நீளத்தை நிஜமாகவே கண்ணால் அளந்தேன்.

கடைசியில், தண்ணீர் வடியும் வரைக்கும் காத்திருந்து நடந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது வீரமாகத்தான் இருந்தது. ட்ரெக்டர் அக்கரைக்குப் போய், ஆட்கள் இறங்கி, வரிசையாகி, வளைவில் மறைந்ததும் வீரமும் அவர்களோடு போய்விட்டது.

நானும் தண்ணீரும். மாணவர் ட்ரெக்டரை அக்கரையிலேயே நிறுத்திவிட்டு, தண்ணீர் விளிம்பில் ஒரு கம்பை ஊன்றி, பக்கத்தில் குந்தினார். நான் இக்கரையில் ஒரு கல்லில். அந்தக் கம்பைப் பார்த்ததுபோல நான் என் வாழ்க்கையில் எதையும் பார்த்ததில்லை. விளிம்பு கம்பை விட்டு இறங்கியதா? இல்லை, ஏறியதா? மலைப்பக்கம் மேகம் கறுப்பதுபோலத் தெரிந்தது. இன்னொரு மழை வந்தால் நாளைக்கும் இங்கேதான். ஹாஜியாரின் லொறி வராது. நான் சிங்களத்தில் கத்தினேன்.

"இறங்குதா?"

"கொஞ்சம் சேர்!"

"எவ்வளவு கொஞ்சம்?"

"கொஞ்சம் கொஞ்சம்!"

பிறகு சற்று நேரம் கழித்து அவரே கத்தினார். "சேர், பொழுது சாயறதுக்கு முன்னால தாண்டிறணும்."

"ஏன்?"

"இந்த எடத்துக்குத்தான் யானை தண்ணி குடிக்க வரும்."

இதை அவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்த நொடியிலிருந்து எனக்குப் பின்னால் அசைந்த ஒவ்வொரு இலைக்கும் தும்பிக்கை இருந்தது. கல்லை விட்டு எழுந்து தண்ணீருக்குக் கிட்டப் போனேன். தண்ணீரைப் பார்த்துப் பயந்து பின்னால் வந்தேன். புதரைப் பார்த்துப் பயந்து முன்னால் போனேன். அந்த மத்தியானம் அந்தக் கரையில் நான் நடந்த தூரத்தைக் கூட்டினால் வில்கமுவவுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். ஒரு கட்டத்தில் அக்கரைக்குக் கத்தி ட்ரெக்டரைக் கூப்பிட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நிஜமாகத்தான் சொல்கிறேன், வாயைத் திறந்துவிட்டேன். எதிரில் குந்தியிருந்த மனிதரைப் பார்த்தேன். அவர் வீட்டில் அப்பா படுத்திருக்கிறார். அவர் என்னைப் பார்க்கவில்லை, கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

வெயில் சாய்ந்தபோது பாலத்தின் ஓரத்துக் கற்கள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே நின்றது. மாணவர் பாதித் தூரம் நடந்து வந்து கையை நீட்டினார். நான் காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினேன். கொங்கிரீட்டில் பாசி. ஒவ்வொரு அடிக்கும் கால் வழுக்கியது, அவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"மெதுவா சேர்" என்றார். "ஃபர்ஸ்ட் கியர். கிளச்சை ஒரேயடியா விடாதீங்க."

நான் அவரைத் திட்டிக்கொண்டே கரையேறினேன்.

மிச்ச வழி முழுவதும் நான் நடந்தேன். யானைக்குப் பயந்து அவர் ட்ரெக்டரின் விளக்கைப் போட்டுக்கொண்டு, வெறும் ட்ரெயிலரோடு, என் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். என் நிழல் எனக்கு முன்னால் ரோட்டில் நீளமாக நொண்டிப் போனது.

ஊருக்குள் போனபோது கூட்டம் முடிந்திருந்தது. பேச வந்தவர்கள் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். ஒலிபெருக்கியை மரத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மிஸி மட்டும் ஒரு கதிரையைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து அதில் என்னை உட்கார வைத்து, என் கால் விரல்களைப் பார்த்து, "ரெண்டு நகம் போகும்" என்றார். செம்மண் கிடங்கு நாலடி தூரத்தில் இருந்தது. படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அங்கே சிக்னல் இருந்தது. ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன். தண்ணீர், ட்ரெக்டர், கம்பு, யானை எல்லாவற்றையும், நடந்ததைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். மெச்சுவார் என்று காத்திருந்தேன்.

"ஹாஜியார்?"

"அல்லாவே! மாஸ்டர், உங்களுக்கு என்ன மூளை கலங்கிட்டா? ஆறு பெருகிப் போனா ட்ரெக்டர்ல ஏற வேண்டியதுதானே! உசிருக்கு ஆபத்துண்டா நோன்பையே விடலாம், இது என்ன பெரிய விசயம்? நான் அதுக்கா நிய்யத் வச்ச? ஆனைக்குத் தீனியாகவா?"

"நீங்கதானே ஒரு எடத்துல ஏறினாலும் இல்லன்னு சொன்னீங்க?"

"அது நீங்க சோம்பேறித்தனத்துல ஏறுவீங்கண்டு சொன்ன!"

மிஸிக்குக் கேட்கும்படியாக அவர் கத்தினார். மிஸி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆக, நான் அந்த ட்ரெக்டரில் ஏறியிருக்கலாம். மற்றவர்களோடு கூட்டத்துக்குப் போய், மாலை போட்டுக்கொண்டு, சோறும் சாப்பிட்டிருக்கலாம். நான் நடந்தே போனேன், கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். சீமெந்தும் கூரைத் தகடும் அடுத்த கிழமை லொறியில் வந்தன. கட்டடம் எழும்பியது. இயந்திரத்தைப் பூட்டினார்கள். இப்போது அந்தத் தெருவில் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.